பழியை ஒரு கார்னர்பேக்கின் தலையில் கட்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கால்பந்து பற்றி வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். இந்த ஆட்டத்தைத் தமிழில் இவ்வளவு பொறுப்போடு எழுதி வருவதற்கு முதலில் என் நன்றி. ஆயினும் அக்கட்டுரைகளில் ஒரு கருத்து அடிக்கடி தலைகாட்டுகிறது. அதை மறுத்து எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. எதிரணியில் பெயர்பெற்ற ரிசீவர் (எறியப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) ஒருவர் இருந்தால், தடுப்பாட்ட அணி தன்னிடமுள்ள மிகச் சிறந்த கார்னர்பேக்கை (ரிசீவரைத் தொடர்ந்து ஓடித் தடுப்பவரை) அவருக்கு எதிரே நிறுத்தி, அவர் போகுமிடமெல்லாம் போகச் செய்ய வேண்டும் என்றும், அந்த ரிசீவர் பந்து பிடித்து முன்னேறிய தூரம் நூறு யார்டைத் தாண்டிவிட்டால் அந்தக் கார்னர்பேக்கே தோற்றுப்போனார் என்றும் எழுதப்படுகிறது. இருவர் மோதும் மல்யுத்தத்தைப் போல இதைச் சொன்னால் படிக்கச் சுவையாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பாஸ் ஆட்டத்தை, அதாவது பந்தை எறிந்து முன்னேறுவதை, தடுப்பது அப்படி நடப்பதில்லை; அப்படி நடத்தும் அணிகள் பெரும்பாலும் அதற்கான விலையைக் கொடுக்கின்றன.

என் கருத்து இதுதான். வலுவான ரிசீவரை ஒருவரிடம் ஒப்படைக்காமல் இருவர் சேர்ந்து கவனிக்க வேண்டும். அணியின் சிறந்த கார்னர்பேக்கை எதிரணியின் இரண்டாவது ரிசீவருக்கு ஒதுக்க வேண்டும். முதல் ரிசீவருக்குச் சிறு தூரப் பந்துகளை விட்டுக்கொடுத்து, அவர் பிடித்த இடத்திலேயே அவரை வீழ்த்த வேண்டும். இவை அனைத்துக்கும் அவகாசம் கிடைக்க, முன்வரிசையின் நால்வரே குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிபவரை) நெருக்க வேண்டும். இந்த நான்கில் எது தவறினாலும், கடைசியில் தொலைக்காட்சியில் தெரிவது ரிசீவருக்குப் பின்னால் ஓடிவரும் கார்னர்பேக்கின் முதுகுதான்.

கார்னர்பேக்கின் நிலை ஏன் இவ்வளவு கடினமானது என்பதற்கு விதிகளே முதற் காரணம். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். 1978-இல் விதியை மாற்றியதிலிருந்து, பந்து வைக்கப்படும் கோட்டிலிருந்து ஐந்து யார்டுக்கு அப்பால், குவார்ட்டர்பேக் பந்தோடு, தன் தடுப்பாளர்கள் அமைக்கும் காப்பு வளையத்துக்குள் நிற்கும்வரை, ரிசீவரை இடித்தோ தள்ளியோ தடுக்கக் கூடாது. மீறினால் ஐந்து யார்டு போவதோடு எதிரணிக்குத் தானாகவே புதிய முதல் டவுனும் (பத்து யார்டு கடக்க மீண்டும் நான்கு வாய்ப்புகள்) கிடைத்துவிடும். 2004-இல் இதே விதியை இன்னும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தும்படி நடுவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. பந்து காற்றில் இருக்கும்போது ரிசீவருக்கு இடையூறு செய்தால் தண்டனை அதைவிடக் கடுமை. கல்லூரி ஆட்டத்தில் அதற்கு அதிகபட்சம் பதினைந்து யார்டுதான், என்.எஃப்.எல்.-இல் குற்றம் நடந்த இடத்துக்கே பந்து போய்விடும். நாற்பது யார்டு தாண்டி நடந்த ஓர் இடிக்கு நாற்பது யார்டும் பறிபோகும். தான் எங்கே திரும்பப் போகிறோம் என்பது ரிசீவருக்குத் தெரியும், கார்னர்பேக்குக்குத் தெரியாது. மைதானமோ 160 அடி அகலம். இப்படிப்பட்ட நிலையில் ஒருவரைத் தனியே நிறுத்திவிட்டு, ஆட்டம் முடிந்தபின் அவரைக் குறை சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

கோட்டருகே ஒரு கார்னர்பேக் நிற்பதைச் சற்று உற்றுக் கவனித்தால், துணை இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு விளங்கும். ரிசீவருக்கு ஒரு கை தூரத்தில், முழங்காலை மடக்கி, உடல் எடையை முன்பாதங்களில் வைத்து அவர் நிற்கிறார். பார்வை ரிசீவரின் இடுப்பில் பதிந்திருக்கிறது. தலையும் தோளும் ஏமாற்றலாம், இடுப்பு போகும் திசையில்தான் உடம்பு போயாக வேண்டும். பந்து நகர்ந்ததும் ரிசீவர் வெளிப்பக்கம் ஒரு காலை வீசிப் போக்குக் காட்டுகிறார். அதை நம்பி இரண்டு கைகளையும் நீட்டிப் பாய்ந்தால் கார்னர்பேக்கின் சமநிலை குலைந்து உள்பக்கம் வழி திறந்துவிடும். தேர்ந்தவர் பாய மாட்டார். அரையடி பின்வாங்கி, ஒரு கையை மட்டும் ரிசீவரின் மார்பில் வைத்து அவரது வேகத்தைக் குறைப்பார். இதுவரை எல்லாருக்கும் ஒன்றுதான். இதற்கு அடுத்த கணத்தில்தான் வேறுபாடு தோன்றுகிறது. பின்னால் ஒரு சேஃப்டி (ஆழத்தில் நிற்கும் கடைசித் தடுப்பாட்டக்காரர்) காவலிருக்கிறார் என்று தெரிந்தால், அவர் ரிசீவரின் இடுப்பை ஒட்டி, ஓரடி பின்தங்கி, உள்பக்கமாக ஓடலாம். உள்ளே திரும்பும் எல்லா ஓட்டங்களையும் அந்த நிலையிலிருந்தே அடைத்துவிடலாம். சேஃப்டி இல்லையென்றால் ரிசீவருக்கு முன்னால் ஓடியாக வேண்டும், அப்போது ரிசீவர் திடீரென நின்று திரும்பும் ஓட்டத்தையெல்லாம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஆள் மாறவில்லை, திறமை மாறவில்லை. பின்னால் ஒருவர் இருக்கிறாரா என்பதே அவர் எப்படி ஆட முடியும் என்பதை முடிவு செய்கிறது.

இதற்கு ஒரே பருவத்தில் நடந்த இரண்டு ஆட்டங்களைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2020 நவம்பர் 29 அன்று டாம்பா பே பக்கனியர்ஸ் அணியும் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியும் மோதின. அப்போது சீஃப்ஸில் ஆடிய டைரீக் ஹில் ஆட்டத்திலேயே மிக வேகமான ரிசீவர்களுள் ஒருவர். அவருக்கு எதிரே டாம்பா பே பல முறை கார்ல்டன் டேவிஸைத் துணையின்றி நிறுத்தியது. முதல் கால்பகுதி முடிவதற்குள் ஹில் 203 யார்டு எடுத்துவிட்டார். 75 யார்டு தூரத்தில் ஒரு டச் டவுன் (எதிரணியின் இலக்குக் கோட்டைப் பந்தோடு கடப்பது), 44 யார்டு தூரத்தில் இன்னொன்று. ஆட்டம் முடியும்போது அவர் கணக்கில் 269 யார்டும் மூன்று டச் டவுன்களும் இருந்தன. சீஃப்ஸ் 27-24 என்று வென்றது.

அதே இரு அணிகள் 2021 பிப்ரவரி 7 அன்று சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் மீண்டும் சந்தித்தன.  டாம்பா பேக்காக அதே டேவிஸ் மீண்டும் ஆடினார். ஆனால் தடுப்பாட்டப் பயிற்சியாளர் டாட் பௌல்ஸ் இம்முறை இரண்டு சேஃப்டிகளையும் ஆழத்தில் நிறுத்தி, பிளிட்ஸ் செய்வதை (கூடுதல் ஆட்களைக் குவார்ட்டர்பேக்மேல் பாயவிடுவதை) பெரிதும் குறைத்துக்கொண்டு, முன்வரிசை நால்வரை மட்டும் நம்பினார். ஹில் ஏழு பந்துகளைப் பிடித்து 73 யார்டு எடுத்தார். சீஃப்ஸ் ஒரு டச் டவுன்கூட எடுக்கவில்லை. மூன்று கள உதைகளில் ஒன்பது புள்ளிகள் மட்டுமே பெற்று 31-9 என்று தோற்றது. முதல் ஆட்டத்துக்குப் பிறகு டேவிஸால் ஆகாது என்று முடிவுகட்டியவர்கள் இரண்டாவது ஆட்டத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து வாரங்களில் அவர் காலில் புதிய வேகம் முளைத்துவிடவில்லை. அவருக்குப் பின்னால் ஆள் நின்றார், அவ்வளவுதான்.

இந்த வெற்றியில் சீஃப்ஸின் காயங்களுக்கும் பங்குண்டு என்பதை மறைக்கக் கூடாது. குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸைக் காக்க வேண்டிய இரு ஓரத் தடுப்பாளர்களும் அன்று ஆட இயலவில்லை. அவர் ஆட்டம் முழுவதும் ஓடிக்கொண்டே எறிய நேர்ந்தது. ஆயினும் அதுவும் என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. ரிசீவர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும், நாற்பது யார்டு ஓடி முடிக்க அவருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுப்பதும் பறிப்பதும் முன்வரிசையின் கையில் இருக்கிறது. 2007 பருவத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்காக ராண்டி மாஸ் 23 டச் டவுன் பந்துகளைப் பிடித்துச் சாதனை படைத்தார். அந்த அணி பருவ ஆட்டங்கள் பதினாறையும் வென்று 589 புள்ளிகள் குவித்தது. 2008 பிப்ரவரியில் நடந்த இறுதியாட்டத்தில் நியூ யார்க் ஜயண்ட்ஸ் அணி குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை ஐந்து முறை பந்தோடு வீழ்த்தியது. மாஸ் 62 யார்டோடு நின்றார், அவருடைய அணி 14 புள்ளிகளோடு நின்றது, ஜயண்ட்ஸ் 17 எடுத்து வென்றது. ஜயண்ட்ஸின் கார்னர்பேக்குகள் மாஸை விடத் திறமைசாலிகள் என்று அன்று எவரும் சொல்லவில்லை. மாஸ் ஆழத்துக்குப் போய்ச் சேரும்வரை பந்தை வைத்துக்கொண்டு நிற்கப் பிரேடிக்குப் பல முறை வாய்க்கவில்லை.

இரண்டு சேஃப்டிகளை ஆழத்துக்கு அனுப்புவதற்கு விலை இல்லாமல் இல்லை. முன்னால் ஓர் ஆள் குறைவதால் பந்தை ஏந்தி ஓடும் ஆட்டத்தை அறுவரை வைத்தே சமாளிக்க வேண்டியிருக்கும், நடுப்பகுதியும் தளரும். மேற்சொன்ன சூப்பர் பவுலிலேயே சீஃப்ஸின் டைட் எண்ட் (தடுப்பதோடு பந்தும் பிடிக்கும் ஆட்டக்காரர்) டிராவிஸ் கெல்சி பத்துப் பந்துகளைப் பிடித்து 133 யார்டு எடுத்தார். டாம்பா பே அதைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தது. ஹில்லின் ஒரு பந்து ஏழு புள்ளிகளைத் தரக்கூடியது. கெல்சியின் பந்துகளோ பதின்மூன்று, பதின்மூன்று யார்டாக நகர்பவை, அவற்றுக்கிடையே ஒரு தவறான எறியோ ஒரு வீழ்த்தலோ நடந்தால் அந்தத் தாக்குதலே நின்றுவிடும். எதைக் கொடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யும் அணிதான் எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக நிற்க முடியும்.

சிறந்த கார்னர்பேக்கை இரண்டாவது ரிசீவருக்கு ஒதுக்கச் சொல்வது பலருக்கு விந்தையாகத் தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். முதல் ரிசீவருக்கு இருவரை அனுப்பினால் மற்ற ரிசீவர்களுள் சிலருக்குத் தனித்தனியே ஒருவர்தான் மிஞ்சுவார். அப்படித் தனியே நிற்கக்கூடியவர் யார்? அணியின் சிறந்த கார்னர்பேக்தான். அவரையும் முதல் ரிசீவருக்கே அனுப்பி, உடன் ஒரு சேஃப்டியையும் அனுப்பினால், இரண்டாவது ரிசீவருக்கு எதிரே அணியின் பலவீனமான கார்னர்பேக் துணையின்றி நிற்பார். நல்ல குவார்ட்டர்பேக் வேறெங்கும் பாராமல் அவர் நிற்கும் பக்கமே பந்தை எறிவார். பேட்ரியட்ஸின் முன்னாள் பயிற்சியாளர் பில் பெலிச்சிக் இந்த முறையைப் பல ஆண்டுகள் கையாண்டவர். 2019 ஜனவரியில் சீஃப்ஸுக்கு எதிரான மாநாட்டு இறுதியாட்டத்தில் (சூப்பர் பவுலுக்கு முந்தைய சுற்றில்) ஹில்லைப் பின்தொடரும் வேலை, அணியின் முதன்மைக் கார்னர்பேக் அல்லாத ஜொனாத்தன் ஜோன்ஸுக்கு. ஆழத்தில் துணை டெவின் மெக்கோர்ட்டி. ஹில் அன்று பிடித்தது ஒரே ஒரு பந்து, 42 யார்டு. அதே ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் சீஃப்ஸ் 31 புள்ளிகள் குவித்ததையும் சொல்லியாக வேண்டும்; பேட்ரியட்ஸ் கூடுதல் நேரத்தில்தான் 37-31 என்று தப்பியது. ஒருவரைக் கட்டிப்போட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்கள் என்று யாரும் நம்ப வேண்டாம். ஒரே எறியில் ஆட்டத்தைத் திருப்பக்கூடிய ஆளைத் திருப்பவிடாமல் செய்வதுதான் இங்கே நோக்கம்.

சிறு பந்துகளை விட்டுக்கொடுப்பது பற்றிச் சொன்னேன். தங்கள் கட்டுரைகள் அதிகம் கவனிக்காத பகுதி இது என்பதால் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டும். 2013 பருவத்தில் டென்வர் பிராங்கோஸ் அணி அதுவரை எந்த அணியும் எட்டாத 606 புள்ளிகளை எடுத்திருந்தது. பேட்டன் மேனிங் 55 டச் டவுன் பாஸ்கள் எறிந்திருந்தார். 2014 பிப்ரவரியில் சியாட்டில் சீஹாக்ஸ் அணிக்கு எதிரான இறுதியாட்டத்தில் பிராங்கோஸின் ரிசீவர் டெமேரியஸ் தாமஸ் 13 பந்துகளைப் பிடித்தார். சூப்பர் பவுலில் அதுவரை எவரும் அத்தனை பந்துகளைப் பிடித்ததில்லை. முடிவு 43-8, வென்றது சீஹாக்ஸ். பதின்மூன்று பந்துகளும் சேர்ந்து 118 யார்டுதான், அதாவது ஒன்றுக்கு ஒன்பது யார்டு. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே குறுக்காக ஓடிச் சிறு பந்தொன்றைப் பிடித்த தாமஸைச் சேஃப்டி காம் சான்சலர் மோதி வீழ்த்திய விதம், அன்று நடுப்பகுதியில் பந்தைப் பிடிக்க வருபவர்கள் எல்லாரும் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டது. பின்னர் தாமஸ் ஒரு நல்ல பந்தைப் பிடித்து ஓடும்போது கார்னர்பேக் பைரன் மேக்ஸ்வெல் பந்தைக் குத்திக் கீழே விழச்செய்தார். அதைச் சீஹாக்ஸ் எடுத்துக்கொண்டது. பிடித்த பந்துகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எழுதினால் தாமஸ் அன்று சீஹாக்ஸின் கார்னர்பேக்குகளை வென்றார் என்றுதான் எழுத நேரும்.

யார்டுக் கணக்கும் இதேபோல் ஏமாற்றும். டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் கால்வின் ஜான்சன் 2012 பருவத்தில் 1,964 யார்டு எடுத்தார், என்.எஃப்.எல். வரலாற்றில் ஒரு பருவத்தில் அதற்கு முன் எவரும் அவ்வளவு எடுத்ததில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த டச் டவுன்கள் ஐந்துதான், லயன்ஸ் பதினாறு ஆட்டங்களில் வென்றவை நான்குதான். இலக்குக் கோட்டை நெருங்க நெருங்கத் தடுப்பாட்ட அணிக்குக் காக்க வேண்டிய ஆழம் குறைகிறது. மைதானத்தின் பின்கோடே ஒரு கூடுதல் தடுப்பாட்டக்காரராக நிற்கிறது. ஆகவே எதிரணி எண்பது யார்டு நடந்து வந்தாலும் கடைசி இருபது யார்டில் அதை நிறுத்த வழியுண்டு. ஆழத்தில் ஒரே எறியில் தாண்டவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

இனி ஸோன் முறையை, அதாவது ஆளைப் பின்தொடராமல் ஆளுக்கோர் இடத்தைக் காக்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். ஆளோடு ஆள் ஓடும் கார்னர்பேக்குக்குப் பந்து வருவது தெரிவதில்லை, முதுகு அந்தப் பக்கம் இருக்கிறது. இடத்தைக் காப்பவரின் கண்களோ குவார்ட்டர்பேக்கின் மேல் இருக்கின்றன. 2003 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில் ஓக்லாந்து ரைடர்ஸ் அணிக்கு ஜெரி ரைஸ், டிம் பிரவுன் என்ற இரு பெரும் ரிசீவர்கள் இருந்தார்கள். ரைஸ் தன் வாழ்நாளில் எடுத்த 22,895 யார்டை இன்றுவரை எவரும் நெருங்கவில்லை. இரண்டு சேஃப்டிகளை ஆழத்தில் வைத்து ஸோன் ஆடுவதில் பெயர்பெற்ற டாம்பா பே அணி அன்று ஐந்து பந்துகளைப் பறித்து, அவற்றுள் மூன்றை டச் டவுனாகவே மாற்றி, 48-21 என்று வென்றது. இரண்டு ரிசீவர்களும் வலுவாக இருக்கும்போது இருவருக்கும் இரட்டைக் காவல் போட ஆட்கள் போதாது. அப்போது ஸோனே சரியான வழி என்பது என் எண்ணம். அதற்கும் ஓட்டைகள் உண்டு. இரண்டு சேஃப்டி ஸோனில் கார்னர்பேக்குக்குப் பின்னாலும் சேஃப்டிக்கு முன்னாலும் எல்லைக்கோட்டை ஒட்டி ஓர் இடைவெளி இருக்கும். ஆழத்தின் நடுப்பகுதியும் திறந்திருக்கும், அங்கே ஒரு லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) ஓடிப்போய் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரே முறையை ஆட்டம் முழுவதும் காட்டாமல், பந்து நகரும் முன் ஒன்றைக் காட்டி, நகர்ந்தபின் வேறொன்றுக்கு மாறத் தெரிந்திருக்க வேண்டும். 2022 ஜனவரியில் சீஃப்ஸுக்கு எதிராக 21-3 என்று பின்தங்கியிருந்த சின்சினாட்டி பெங்கால்ஸ், இரண்டாம் பாதியில் பல முறை மூவரை மட்டும் முன்னே அனுப்பி எண்மரைப் பின்னால் நிறுத்தியது. மஹோம்ஸ் திணறினார், பெங்கால்ஸ் கூடுதல் நேரத்தில் 27-24 என்று வென்றது.

சிறந்த கார்னர்பேக்கை ஒரே ஆளுக்குப் பின்னால் அனுப்பும் முறைக்கு எதிராக இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாக்கும் அணி தன் ரிசீவரை ஓரத்திலேயே நிறுத்திவைப்பதில்லை. உள்ளே, ஓர ரிசீவருக்கும் முன்வரிசைக்கும் இடையிலுள்ள ஸ்லாட்டில் நிறுத்துகிறது. அங்கே அவருக்கு எல்லைக்கோடு தடையில்லை, இரு பக்கமும் திரும்பலாம். ஓரத்தில் ஆடிப் பழகிய கார்னர்பேக் அங்கே அந்நியர். சில வேளைகளில் ரிசீவரை இன்னொருவருக்குப் பின்னால் நிறுத்துகிறது. அப்போது கோட்டருகே அவரைத் தொடவே முடியாது. மூவரை நெருக்கமாக நிறுத்தி, ஒருவரை ஒருவர் குறுக்கிட்டு ஓடச் செய்து, பின்தொடர்பவர்களை மோதவிடுகிறது. இதற்கு விடை, உள்ளே வருபவரை நீ எடு, வெளியே போகிறவரை நான் எடுக்கிறேன் என்று தடுப்பாட்டக்காரர்கள் பந்து நகரும் முன்பே பேசி வைத்துக்கொள்வதுதான். அந்தப் பேச்சு தவறினால் ஒருவர் தனியே ஓடிவிடுவார். அருகில் நின்றவர் கார்னர்பேக் என்பதற்காக அவர்மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. பல முறை தவறு, மாற வேண்டிய நேரத்தில் மாறாத இன்னொருவருடையது.

டாரெல் ரெவிஸ் இருந்தாரே என்று யாரேனும் கேட்கலாம். 2009-இல் நியூ யார்க் ஜெட்ஸ் அணிக்காக அவர் எதிரணிகளின் முதல் ரிசீவர்களைத் தனியாளாகவே அடக்கினார் என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். அப்படியொரு பருவத்தை ஆடிய கார்னர்பேக்குகள் மிகச் சிலரே. ஆனால் பயிற்சியாளர் ரெக்ஸ் ரையன் ரெவிஸை அப்படி நிறுத்தியது, மிச்சமான ஆட்களைக் குவார்ட்டர்பேக்மேல் ஏவுவதற்காகத்தான். அங்கேயும் அது பதினொருவரின் திட்டம். ரெவிஸ் இல்லாத அணி ரெவிஸ் இருப்பதாக எண்ணி ஆடினால் என்ன ஆகும் என்பதை 2020 நவம்பர் ஆட்டமே காட்டியது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி ஒரு ரிசீவர் பெரிய ஆட்டம் ஆடினார் என்று எழுதும்போது, ஆழத்தில் சேஃப்டிகள் எத்தனை பேர் நின்றார்கள், முன்னே எத்தனை பேர் பாய்ந்தார்கள், எறிவதற்குக் குவார்ட்டர்பேக்குக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது, பந்தைப் பிடித்தபின் ரிசீவர் எத்தனை யார்டு ஓடினார் என்ற நான்கையும் சேர்த்து எழுதுமாறு தங்கள் விளையாட்டுப் பகுதியினரைக் கேட்டுக்கொள்கிறேன். கூர்ந்து பார்க்கும் நிருபருக்கு இவற்றைக் குறித்துக்கொள்வது கடினமான வேலை அன்று. ஆட்டத்தின் மறு ஒளிபரப்பில், மைதானம் முழுவதும் தெரியும் கோணத்தில் பார்த்தால் முதல் இரண்டும் பந்து நகர்ந்த ஓரிரு விநாடிகளிலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் விளையாட்டுப் பக்கத்தின் நெடுநாள் வாசகன்